பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியால் பஸ் ஓட்டிய மதுரைக்காரர்: யார் இந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார்?

மதுரையிலிருந்து திருச்சிக்கு எலெக்ட்ரிக் காரில் போறீங்க. மேலூர் தாண்டி கொட்டாம்பட்டி வரும்போது பேட்டரி அளவு குறைஞ்சுக்கிட்டே வருது. அடுத்த சார்ஜர் எங்கே இருக்குன்னு மனசு தேட ஆரம்பிச்சுடும்.

இந்தப் பயத்துக்குக் கார் கம்பெனிகள் சொல்லும் ஒரு தீர்வுதான் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர். பேட்டரியோடு ஒரு சின்ன இன்ஜினும் காரில் இருக்கும். அது சக்கரத்தைச் சுழற்றாது, மின்சாரம் மட்டும் தயாரிக்கும். 2023-ல் விற்பனைக்கு வந்த மஸ்டா எம்எக்ஸ்-30 ஆர்-இவி காரில் இந்த வேலையைச் செய்வது 830 சிசி ரோட்டரி இன்ஜின். பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழல்வதால் இடத்தை அடைக்காது. பேட்டரியில் மட்டும் சுமார் 85 கி.மீ. ஓடும். அதன்பிறகு 50 லிட்டர் பெட்ரோல் டேங்க் கைகொடுக்கும்.

வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது என்ற கவலை மதுரைக்குப் புதுசு இல்லை. இரண்டாம் உலகப் போர் காலத்திலேயே அதற்கு வழி தேடியவர், டிவிஎஸ் நிறுவனர் டி.வி.சுந்தரம் அய்யங்கார்.

வக்கீல் டு பஸ் முதலாளி

நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர். வக்கீல் தொழில், ரயில்வே, வங்கி என மூன்று வேலைகள் பார்த்தார். எதிலும் நிலைக்கவில்லை. 1911-ல் தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். அடுத்த ஆண்டே மதுரையில் பஸ் சேவை ஆரம்பமானது. மாட்டுவண்டியை நம்பியிருந்த ஊர்களுக்கு அது பெரிய மாற்றம். சொன்ன நேரத்துக்கு வரும் டிவிஎஸ் பஸ்ஸை வைத்தே கடிகாரத்தைச் சரிசெய்வார்கள் என்று மதுரைப் பக்கம் இன்னும் பெருமையாகச் சொல்வதுண்டு.

பெட்ரோலுக்கு வந்த சோதனை

போர் வந்ததும் பெட்ரோலுக்கு ரேஷன். 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் நிலைமை இன்னும் மோசம். பஸ் நின்றால் சந்தை, ஆஸ்பத்திரி, கோர்ட் எல்லாமே கிராமத்துக்கு எட்டாமல் போகும். அப்போது அவர் கொண்டுவந்ததுதான் டிவிஎஸ் கேஸ் பிளான்ட்.

இந்த வகைக் கருவி எப்படி வேலை செய்யும்? வண்டியிலேயே ஒரு அடுப்பு. அதில் மரக்கரியைப் போட்டு, காற்றை அளவாக விட்டால் கரி முழுசா எரியாது. கார்பன் மோனாக்சைடு அதிகமுள்ள வாயு வெளிவரும். அதைக் குளிரவைத்து, தூசியை வடிகட்டி இன்ஜினுக்கு அனுப்பினால் பெட்ரோல் இன்ஜினே ஓடும்.

சிக்கலும் உண்டு. அடுப்பு சூடாகும்வரை காத்திருக்கணும். இழுவை குறையும். வாயு கசிந்தால் உயிருக்கே ஆபத்து. ஆனாலும் கரி கப்பலில் வர வேண்டியதில்லை, உள்ளூரிலேயே கிடைத்தது. பஸ் ஓட அது போதும்.

ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கணும். கேஸ் பிளான்ட் எரிபொருளை மாற்றியது. ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் மின்சாரம் தயாரிக்கிறது. ஆனால், மாற்று ஏற்பாட்டை வண்டியிலேயே சுமந்து போவது என்ற யோசனை ஒன்றுதான்.

அதன்பிறகு?

சுந்தரம் அய்யங்கார் 1955-ல் காலமானார். அவர் மகள் டாக்டர் சௌந்தரம்தான் காந்திகிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1972-ல் டிவிஎஸ் பஸ்கள் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆயின. 2020-ல் அதே குடும்பத்தின் வழிவந்த டிவிஎஸ் மோட்டார், ஐக்யூப் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை அறிமுகப்படுத்தியது.

போர் முடிந்து பெட்ரோல் தாராளமாக வந்ததும் கரி அடுப்புகள் காணாமல் போயின. பேட்டரி பெரிதானதும் பிஎம்டபிள்யூ தன் ஐ3 காரின் ரேஞ்ச் எக்ஸ்டெண்டரை 2018-ல் ஐரோப்பாவில் நிறுத்தியது. இதெல்லாம் இடைக்கால ஏற்பாடுதான். ஆனால் கொட்டாம்பட்டி மாதிரி ஊர்களில் சார்ஜர் பரவலாகும்வரை, அந்த இடைக்காலத்தில்தான் நாம வண்டி ஓட்டியாகணும்.