தளவாய் அரியநாதர்

மதுரை மீனாட்சி அம்மன் கோவிலில் ஆயிரங்கால் மண்டபத்தின் வாசலில் பாயும் குதிரை ஒன்று நிற்கிறது. அதன் மேல் ஒரு வீரர் அமர்ந்திருக்கிறார். யாரோ ஒரு ராஜா என்றே பலரும் நினைப்பார்கள். அவர் ராஜா அல்ல. நான்கு ராஜாக்களுக்கு மந்திரியாக இருந்தவர். அவர்தான் தளவாய் அரியநாத முதலியார்.

தொண்டை நாட்டில் மெய்ப்பேடு என்ற சிற்றூரில் ஏழை வேளாளர் குடும்பத்தில் அவர் பிறந்தார். கணக்கிலே கெட்டிக்காரர். பிழைப்பைத் தேடி விஜயநகரம் போனார். கணக்கு வேலையில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்தார் என்பார்கள்.

1529-ல் மதுரை ஆட்சி விசுவநாத நாயக்கர் கைக்கு வந்தது. அவருக்குத் தளவாயாகவும் பிரதானியாகவும் அமைந்தார் அரியநாதர். தளவாய் என்றால் சேனாதிபதி. பிரதானி என்றால் முதல் மந்திரி. இரண்டு பொறுப்பும் ஒருவரிடமே இருந்தன.

பொறுப்பு லேசானதல்ல. வழிகளில் திருடர் பயம். தென்பாண்டிச் சீமையில் பழைய பாண்டிய வம்சத்தார் எதிர்த்தார்கள். நாயக்கரோடு வந்த தெலுங்குத் தளபதிகள் வெகுமதி கேட்டார்கள். உள்ளூர்த் தலைவர்களோ யாருக்கும் அடங்கவில்லை. எல்லாரையும் வாளால் அடக்க முடியுமா?

அரியநாதர் வேறு வழி கண்டார். நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார். கலகம் செய்யக்கூடியவர்களையே காவல்காரர்களாக ஆக்கினார்! பாளையக்காரர் தம் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை நாயக்கருக்குக் கட்ட வேண்டும். ஒரு பங்கு படைச் செலவுக்கு. மிச்சம் அவருக்கு. மதுரையைச் சுற்றிப் புதுக்கோட்டை எழுந்தது. அதில் 72 கொத்தளங்கள். பாளையத்துக்கு ஒரு கொத்தளம் என்று காவல் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

இதில் குறை இல்லாமல் இல்லை. பிற்காலத்தில் பாளையக்காரர்கள் தங்களுக்குள் சண்டையிட்டார்கள். குடிகளை வாட்டியவர்களும் உண்டு. ஆனாலும் சிதறிக் கிடந்த சீமையை அன்று ஒன்றாகக் கட்டியது இந்த ஏற்பாடுதான்.

விசுவநாதர் மறைந்தார். மகன் கிருஷ்ணப்பர் வந்தார். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தது. பேரரசே ஆட்டம் கண்ட அந்த நேரத்திலும் மதுரை நிலைகுலையவில்லை. அடுத்து வீரப்பர், அவருக்குப் பின் இரண்டாம் கிருஷ்ணப்பர். அரசர் மாறினார்கள், அரியநாதர் மாறவில்லை. சேனையும் கஜானாவும் கையில் இருந்தும் சிம்மாசனத்தின் மேல் அவர் கண் வைக்கவில்லை. அந்தக் காலத்தில் இது அபூர்வம்.

ஆயிரங்கால் மண்டபம் அவர் கட்டியது. பெயர்தான் ஆயிரம், எண்ணினால் 985 தூண்கள். சோழவந்தானில் கோட்டை கட்டித் தம் இனத்தாரைக் குடியேற்றினார். அந்த இடம் முதலியார் கோட்டை எனப்பட்டது.

1600-ல் அரியநாதர் காலமானார். அவர் வகுத்த பாளைய முறை மேலும் இருநூறு ஆண்டுகள் இருந்தது. வெள்ளையரை எதிர்த்து 1799-ல் தூக்கு மேடை ஏறிய கட்டபொம்மன் ஒரு பாளையக்காரரே. மதுரைக் கோட்டை மதில்களை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடித்துவிட்டார்கள். மதில் இருந்த இடத்தில்தான் இன்றைய வெளி வீதிகள் ஓடுகின்றன.