ஒரு பேருந்தின் உரிமையாளர்

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-இல் உழவர் குடியில் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள் நம் சமூகத்தவரல்லர். எனினும் அவர் தொழில் தொடங்கிய விதம் நாம் அறியத்தக்கது. உணவு விடுதியில் பணியாளாயிருந்து சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டியே இயந்திரம் பயின்றார். 1920-இல் ஒரே பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் பெருகியபின் வண்டிகள் சம்பள ஓட்டுநர்களிடம் சென்றன. தேய்மானமும் பழுதும் கையால் அறிந்த முதலாளியிடம் பொய்க்கணக்குச் செல்லுமோ? பிறர் லாரியை ஓட்டும் நம் இளைஞர்க்கு முதல் இல்லை, அவ்வறிவு உண்டு. 1944-இல் மோட்டார்த் தொழிலினின்று விலகியபோது, தம் தொழிலாளர்க்கும் ஒடுக்கப்பட்டோர்க்கும் நலத்திட்டங்கள் அறிவித்தார். மறு ஆண்டு கோவையில் பாலிடெக்னிக் தோன்றத் துணைநின்றார். 1974-இல் மறைந்தார்.