எபிக்தேத்தர்: அடிமையாயிருந்த ஆசிரியர்

பாடசாலைகளிலே கற்பிக்கப்படும் எண்ணும் எழுத்தும் வாழ்க்கைக்கு வேண்டும் பொருளை ஈட்டுதற்குப் பயன்படுவன என்பதை யாவரும் ஒப்புவர். மெய்ப்பொருளாராய்ச்சியாகிய தத்துவக் கல்வியை அங்ஙனம் ஒப்புவார் சிலரே. அது முதியோர்க்கும் துறவோர்க்கும் உரியதென்றும், பிள்ளைகளைப் படிப்பிப்பார்க்கும் அன்றாடக் கவலைகளில் அழுந்திக் கிடக்கும் இல்லறத்தார்க்கும் அதனால் ஆவது ஒன்றுமில்லையென்றும் கருதுவோர் பலர். அக்கருத்துப் பொருந்துமோ என்பதை வாதத்தாற் காட்டுதலினும் ஒருவர் சரித்திரத்தாற் காட்டுதல் எளிதென எண்ணி, எபிக்தேத்தர் என்னும் ஆசிரியர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி எழுதுகின்றோம்.

எபிக்தேத்தர் கி. பி. 50 ஆம் ஆண்டையடுத்துச் சின்ன ஆசியாவிலே, இக்காலத்துத் துருக்கி நாட்டைச் சேர்ந்த ஹியெராப்பொலிஸ் நகரத்திற் பிறந்தவர். அவர் பெயருக்குக் கிரேக்க மொழியில் ஈட்டப்பட்டவன் என்பது பொருள். விலைகொடுத்து வாங்கிய பொருள் போன்றவரே தாம் என்பதை அவர் பெயரே நாடோறும் நினைப்பூட்டியது. அவரை உடையவராயிருந்தவர் உரோமாபுரியிலே நீரோ சக்கரவர்த்தியிடம் உத்தியோகம் பார்த்த எப்பப்பிரோதீத்தர். அவர்தாமும் முன்னர் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவரே. எபிக்தேத்தருக்கு ஒரு கால் ஊனமாயிருந்தது. அஃது உடையவன் முறித்ததனால் வந்ததென்று சிலரும், நோயினால் வந்ததென்று சிலரும் எழுதினர். எதுவாயினும், காலின் ஊனம் காலுக்கு இடையூறேயன்றி மனவுறுதிக்கு இடையூறன்று என்பதே பிற்காலத்தில் அவர் போதித்த போதனையாயிற்று.

அடிமையாயிருந்த காலத்திலேயே அவர் முசோனியர் என்னும் பேராசிரியரிடம் பாடங்கேட்கும் பேறு பெற்றார். சீனோ என்பவரால் ஏறக்குறைய கி. மு. 300 இல் ஏதென்சு நகரத்திலே தொடங்கப்பட்ட ஸ்தோயிக்க மரபைச் சேர்ந்தவர் முசோனியர். ஆண்களைப் போலப் பெண்களும் தத்துவம் கற்றல்வேண்டுமென வற்புறுத்தியவர். ஒருநாள் ஓர் அனுமானத்திலே விடுபட்டுள்ளதைக் கண்டுபிடிக்கத் தவறிய எபிக்தேத்தரை முசோனியர் கடிந்தார். தாம் நகரத்துப் பெருங்கோயிலைத் தீயிட்டுக் கொளுத்திவிடவில்லையே என்று மாணாக்கர் சமாதானம் சொன்னார். இவ்விடத்திலே இத்தவறே அக்கோயிலைக் கொளுத்தியதற்கு ஒப்பாகுமென்று ஆசிரியர் விடை பகர்ந்தார். சிறு செய்தியிற் கவனம் தவறுகின்ற அறிவு பெருஞ்செய்தியிலும் தவறும் என்பதை எபிக்தேத்தர் அன்று கற்று, தாம் ஆசிரியரான பின்னர்த் தம் மாணாக்கர்க்கும் எடுத்துச் சொன்னார்.

பின்னர் அவர் விடுதலை பெற்று உரோமாபுரியிலே தத்துவம் போதித்தார். கி. பி. 81 முதல் 96 வரை ஆண்ட தொமீசியன் தத்துவ ஆசிரியர்களை அந்நகரத்தினின்றும் ஓட்டினான். எபிக்தேத்தர் கிரேக்க நாட்டின் வடமேற்கிலுள்ள நிக்கோப்பொலிஸ் நகரத்தை அடைந்து, அங்கே ஒரு கல்விக்கழகம் நிறுவினார். பல ஊர்களிலிருந்தும் உயர்குடி இளைஞர்கள் அவரை நாடி வந்தனர். அடிமையாயிருந்தவரின் முன்னே ஆளுங்குடியிற் பிறந்தோர் அமர்ந்து பாடங்கேட்டனர்.

அவருடைய போதனையின் அடிப்படை ஒரு பாகுபாடே. நம் வயத்தன சில. நம் வயத்தனவல்லாதன சில. நம் கருத்து, நம் விருப்பு வெறுப்பு, நம் முயற்சி என்பன நம் வயத்தன. உடம்பும் செல்வமும் பதவியும் பிறர் கூறும் புகழும் நம் வயத்தனவல்ல. முன்னையவற்றைச் செவ்வைப்படுத்துபவன் அடிமையாயினும் சுதந்தரன். பின்னையவற்றையே பற்றிக்கிடப்பவன் அரசனாயினும் அடிமை. கேட்பதற்கு எளிய இப்பாகுபாட்டை ஒவ்வொரு நாழிகையிலும் மறவாதிருத்தல் அரிது. அதற்குரிய பயிற்சியே தத்துவம் என்பது அவர் துணிபு.

இப்பயிற்சி இல்லறத்தானுக்கு எவ்வாறு உதவுமென்பதை ஒரு நிகழ்ச்சி தெளிவாகக் காட்டும். உத்தியோகத்தர் ஒருவர் அவரிடம் வந்து, தம் மகள் கடுநோயுற்றபோது அத்துன்பத்தைக் காணப் பொறாமல் வீட்டை விட்டு ஓடியதாகவும், நோய் நீங்கிய செய்தி கேட்ட பின்னரே திரும்பியதாகவும் சொன்னார். தந்தையர்க்கு அஃது இயல்பென்றும், அன்பின் மிகுதியால் நேர்ந்ததென்றும் கருதினார். எபிக்தேத்தர் அவரைக் கடிந்து பேசாமல் வினாக்களை அடுக்கினார். தாய்க்கும் அன்பு உண்டன்றோ, அவளும் ஓடியிருத்தல் வேண்டுமோ என்றார். செவிலிக்கும் அன்பு உண்டன்றோ, அவளும் அகன்றிருத்தல் தகுமோ என்றார். அன்புடையார் யாவரும் அன்பு காரணமாகவே அகன்று, அன்பில்லாதார் கையிலே குழந்தை விடப்படுதல் நன்றோ என்றார். நீர் நோயுற்றால் உம்மைச் சேர்ந்தோர் இவ்வகை அன்பையே உம்மிடம் காட்டவேண்டுமென விரும்புவீரோ என்றார். ஓடும்படி செய்தது அன்பன்று, ஓடுதல் நன்றென்ற தம் பிழைபட்ட எண்ணமே என்பதைத் தந்தை தாமே உணர நேர்ந்தது. நோயாளி கிடக்கும் வீட்டிலே தத்துவத்துக்கு யாது வேலை என்று கேட்போர்க்கு இதுவே விடை.

உணவுண்ணும் வேளையும் அவருக்குப் பாடசாலையாயிற்று. வெந்நீர் கேட்டபோது அடிமை இளஞ்சூடான நீரைக் கொண்டுவந்தானாயின், சினவாதிருத்தலே கடவுளுக்கு உவந்த முறையில் உண்ணுதலாகும் என்றார். அவ்வடிமையும் அக்கடவுளையே முதல்வனாக உடைய உடன்பிறப்பு என்றும் உணர்த்தினார்.

மாணாக்கரிடத்து அவர் கண்ட பெருங்குறை ஒன்றுண்டு. கிரிசிப்பர் முதலிய முன்னோர் இயற்றிய அரிய நூல்களுக்கு உரை சொல்ல வல்லராதலையே சிலர் கல்வியின் முடிவாகக் கொண்டனர். ஆடுகள் தாம் மேய்ந்த புல்லை இடையனுக்குக் கக்கிக் காட்டுவதில்லை. அதனைச் செரித்து உரோமமும் பாலுமாகத் தருகின்றன. அவ்வாறே கற்றோரும் கற்ற சொற்களைக் காட்டாது அவற்றின் விளைவாகிய ஒழுக்கத்தைக் காட்டல் வேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார்.

தம் ஒழுக்கத்தையும் அவ்வளவையாலேயே அளந்தார். அவர் வீட்டில் இருந்த இரும்பு விளக்கைக் கள்வன் ஒருவன் கொண்டுபோயினான். அவர் அதற்காக வருந்தாமல் மறுநாள் மண்விளக்கு ஒன்றை வாங்கிக்கொண்டார். அவர் இறந்த பின்னர் அம்மண்விளக்கை ஒருவன் 3,000 திராக்மா கொடுத்து வாங்கினான் என்று லூசியன் என்னும் எழுத்தாளர் எள்ளி எழுதியிருக்கின்றார். விளக்கை வாங்கினால் அறிவும் உடன்வருமென அவன் நம்பினான் போலும். நெடுங்காலம் தனித்து வாழ்ந்த எபிக்தேத்தர் முதுமையிலே, நண்பர் ஒருவர் வறுமையாற் கைவிட இருந்த குழந்தையை ஏற்று வளர்த்தார் என்றும் கூறுவர்.

அவர்பாலும் குறை காண்போர் உளர். அடிமைத்தளையை அனுபவித்தறிந்தவர் அதனைத் தகர்க்கும்படி உலகத்தை ஏவாமல், தாங்கும் வழியையே கற்பித்தார் என்பர். அஃது உண்மையே, அதனை யாம் மறைக்க விரும்பவில்லை. பொறுமையைப் போதிக்கும் கல்வி, நீக்கத்தக்க தீமையையும் பொறுக்கச் செய்யுமாயின் அது குறையுடைய கல்வியே. ஆயினும், அடிமையும் ஆண்டானும் உடன்பிறப்பு என்று ஆண்டான்மாரின் மைந்தர்க்கே முகத்துக்கு நேரே கற்பித்தவர் அவர் என்பதையும் நினைத்தல் வேண்டும்.

எபிக்தேத்தர் ஏறக்குறைய கி. பி. 135 இல் இறந்தார். அவர் நூலொன்றும் எழுதினாரல்லர். ஏறக்குறைய 108 இல் அவரிடம் கற்ற அரியன் என்னும் மாணாக்கர், கேட்டவற்றைக் கேட்டவாறே குறித்துவைத்தார். அவற்றுள் நான்கு பகுதிகளும் கைந்நூல் என்னும் சுருக்கமும் இன்றும் உள்ளன. 161 முதல் 180 வரை உரோமாபுரியை ஆண்ட மார்க்கசு அவுரேலியசு, அக்குறிப்புக்களைத் தமக்குக் கொடுத்த ஆசிரியரை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கின்றார். அடிமையாயிருந்தவர் சொல் சக்கரவர்த்தியின் இராக்கால எண்ணங்களுக்குத் துணையாயிற்று; இடையே நின்று அதனைக் காத்தது ஒரு மாணாக்கர் எழுதிவைத்த குறிப்பேயாம்.

ஆசிரியப் பணி பூண்டோரே! தத்துவம் நமது பாட அட்டவணையிலே தனிப்பாடமாக இடம்பெறாமற் போகலாம். ஒரு பிள்ளை கணக்கிலே பிழைவிடும்போது நாம் கொள்ளும் பொறுமையிலும், தவறு நம்முடையதாயின் அதனை வகுப்பின் முன்னே ஒப்புக்கொள்ளும் நேர்மையிலும், சினந்து கைப்பிரம்பை எடுக்குமுன் நம் எண்ணத்தை ஒருகணம் வினாவும் பழக்கத்திலும் அஃது இடம்பெறலாம். பிள்ளைகள் நம் சொல்லை மறப்பர்; நம் நடையை மறவார். நாளை வகுப்பறையுட் புகும்போது இதனை நினைவிற் கொள்வோமாக.