பெயரை மறைத்துக் கவிதையைக் காட்டியவர்: ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ்

ஒரு கவிதையைக் கையில் எடுத்ததும் அதன் கீழுள்ள பெயரைத் தேடுவது படிப்போர் எல்லோருக்கும் உள்ள பழக்கம். பெரிய பெயராயின் கவிதையும் பெரியதாகத் தோன்றும். அறியாத பெயராயின் கண் இரண்டு வரிகளைத் தாண்டுவதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். பெயர் இல்லாமல் கவிதையைப் படித்தால் என்ன நேரும் என்பதைப் பல்கலைக்கழக வகுப்பறையில் சோதித்துப் பார்த்தவர் ஐவர் ஆம்ஸ்ட்ராங் ரிச்சர்ட்ஸ். ஆங்கில இலக்கியக் கல்வியை முறையான ஆராய்ச்சித் துறையாக ஆக்கிய முன்னோடிகளுள் அவர் ஒருவர். அப்புகழின் உச்சியில் நின்ற வேளையிலே அதைவிட்டு இறங்கி, ஆங்கிலத்தின் அரிச்சுவடியைச் சீன நாட்டு மாணாக்கருக்குக் கற்பிக்க வழி தேடிச் சென்றவரும் அவரே. இவ்விரு செயல்களும் ஒரே கவலையிலிருந்து பிறந்தவை.

நோயும் மலையும்

ரிச்சர்ட்ஸ் 1893ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள், இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்திலுள்ள சாண்ட்பாக் என்னும் ஊரில் பிறந்தார். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். கிளிஃப்டன் பள்ளியில் பயிலும்போதே காசநோய் அவரைப் பற்றியது. விட்டது போல் விட்டு மீண்டும் மீண்டும் வந்த அந்நோய், அவருடைய இளமையின் பல மாதங்களைப் படுக்கையிலேயே கழிக்கச் செய்தது. உடல் சற்றுத் தேறும்போதெல்லாம் அவர் நாடியது வேல்ஸ் நாட்டு மலைகளை. நுரையீரல் நலிந்த அந்த இளைஞர், பாறைகளில் ஏறும் கலையில் தேர்ந்தவரானார்.

1911இல் கேம்பிரிட்ஜில் மக்டலீன் கல்லூரியில் வரலாறு படிக்கச் சேர்ந்தார். வரலாற்றில் நடந்தவற்றுள் பலவும் நடந்திருக்கவே கூடாதவை என்று தம் ஆசிரியரிடம் கூறித் தத்துவத் துறைக்கு மாறினார் என்று சொல்வதுண்டு. அங்கே ஜி.இ. மூர் என்னும் மேதையின் மாணவரானார். ஒருவர் ஒன்றைச் சொன்னால் அதனால் அவர் கருதுவது என்ன என்று விடாமல் கேட்பது மூரின் வழக்கம். அந்தக் கேள்வியே ரிச்சர்ட்ஸின் வாழ்நாள் கேள்வியும் ஆயிற்று. 1915இல் முதல் வகுப்பில் தேறினார்.

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. உடன் பயின்ற இளைஞர் பலர் போர்க்களத்தில் மடிய, நோயின் காரணமாக அவர் மட்டும் எஞ்சினார். 1918 நவம்பர் 11ஆம் நாள் போர் ஓய்ந்தது. அன்று கேம்பிரிட்ஜில் வெற்றிக் களிப்பில் மாணவர் கூட்டம் ஒன்று, சி.கே. ஆக்டன் என்பவரின் புத்தகக் கடையைச் சூறையாடியது. அதைக் கண்ணால் கண்டவர் என்ற முறையில் ரிச்சர்ட்ஸிடம் விசாரிக்க வந்தார் ஆக்டன். கடையைப் பற்றித் தொடங்கிய பேச்சு, மாடிப்படியில் நின்றபடியே சொற்கள் எவ்வாறு பொருள் தருகின்றன என்பதில் சென்று நெடுநேரம் நீண்டது. 1923இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட 'பொருளின் பொருள்' என்னும் நூலுக்கு அந்த இரவே வித்து. சொல்லுக்கும் பொருளுக்கும் நேரான இணைப்பு இல்லை, எண்ணுகின்ற மனம் ஒன்று இடையில் நின்றே அவற்றை இணைக்கிறது என்பது அந்நூலின் அடிப்படை. சொல்லை நம்பிப் பெரும் போரில் இறங்கிய ஒரு தலைமுறை, சொல்லையே ஐயுற்று ஆராயத் தொடங்கியதன் அடையாளமாகவும் அதைக் கொள்ளலாம்.

வகுப்பறைச் சோதனை

கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியத்திற்குத் தனிப் பட்டத் தேர்வு 1917இல்தான் ஏற்பட்டது. அதுவரை ஆங்கிலம் என்றால் பழைய மொழிநிலையும் சொல்வரலாறுமே. இலக்கியத்தை இலக்கியமாகக் கற்பிப்பதற்கு வகுத்த முறை எதுவும் இல்லை. 1919இல் ரிச்சர்ட்ஸ், ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் மலை வழிகாட்டியாகப் பணிபுரிய எண்ணி, அதற்கான அறிமுகக் கடிதம் வேண்டி மான்ஸ்ஃபீல்ட் ஃபோர்ப்ஸ் என்னும் ஆசிரியரைப் பார்க்கச் சென்றார். இருவரும் கவிதையைப் பற்றிப் பேசத் தொடங்கினர். பேச்சு முடிந்தபோது ஃபோர்ப்ஸ் கடிதம் தரவில்லை; புதிய ஆங்கிலத் துறையில் விரிவுரையாளராக வரும்படி அழைத்தார். மலைக்குப் போகவிருந்தவர் இலக்கியத்திற்கு வந்தார். தொடக்கத்தில் நிலையான சம்பளம் கூட இல்லை. கேட்க வரும் மாணாக்கர் தலைக்கு இவ்வளவு என்பதே ஊதியம்.

1924இல் 'இலக்கியத் திறனாய்வுக் கோட்பாடுகள்', 1926இல் 'அறிவியலும் கவிதையும்' ஆகிய நூல்கள் வெளிவந்தன. ஆயினும் அவருடைய பெயரை நிலைநிறுத்தியது, இவற்றை ஒட்டி வகுப்பில் அவர் நடத்திய சோதனையே. கவிதைகளை அச்சிட்ட தாள்களை மாணாக்கரிடம் கொடுப்பார். இயற்றியவர் பெயர் இராது. காலக் குறிப்பும் இராது. ஒரு வாரம் வைத்திருந்து, எத்தனை முறை படித்தார்கள் என்பதையும், கவிதையைப் பற்றிய தம் கருத்தையும் எழுதித் தரவேண்டும். அடுத்த வகுப்பில் கவிதையோடு அக்குறிப்புகளையும் சேர்த்தே ஆராய்வார். எழுதியவர் பெயர்கள் அங்கும் வெளிப்படா. இவ்வாறு பயன்படுத்தியவற்றுள் பதின்மூன்று கவிதைகளும், அவற்றிற்கு வந்த குறிப்புகளும், அவற்றைப் பற்றிய ஆய்வும் 1929இல் 'செய்முறைத் திறனாய்வு' என்னும் நூலாயின.

விளைவு கற்றோரைத் திகைக்க வைத்தது. ஜான் டன்னும் ஹாப்கின்ஸும் பலருக்குப் பிடிபடவில்லை. லாங்ஃபெலோவின் பாடலை மிகப் பெரும்பாலோர் ஒதுக்கித் தள்ளினர். போர்க்காலப் பாதிரியார் ஒருவரின் எளிய செய்யுளோ பலரின் பாராட்டைப் பெற்றது. எழுதியவர்கள் கல்லாதவர்கள் அல்லர். நாட்டின் சிறந்த பள்ளிகளில் பயின்று, பெரும்பாலும் இலக்கியத்தையே சிறப்புப் பாடமாக எடுத்தவர்கள். அவர்களுள் பலருக்குக் கவிதையின் நேர்ப்பொருளே விளங்கவில்லை என்பதுதான் ரிச்சர்ட்ஸை உறுத்தியது.

பிழையாகப் படித்தவர்களை அவர் எள்ளி நகையாடவில்லை. மருத்துவர் நோய்க்குறிகளை வகுப்பது போல் பிழைகளை வகுத்தார். நேர்ப்பொருள் புரியாமை, சொந்த வாழ்க்கையின் நினைவு ஒன்று குறுக்கே வந்து கவிதையை மறைத்தல், மரணம், தாய், வசந்தம் என்ற சொல்லைக் கண்டவுடன் மனம் முன்பே தயாராக வைத்திருக்கும் உணர்ச்சியைக் கொட்டிவிடுதல், மிகையாக உருகுதல், உருகவே அஞ்சுதல், கவிதையின் கருத்து தம் சமயக் கொள்கைக்கு ஒத்ததா என்று மட்டும் பார்த்தல், யாப்பில் பிசகு தேடுதல் என்பன போன்று பத்து இடர்ப்பாடுகளை எடுத்துக்காட்டினார். எந்தக் கூற்றிலும் நால்வகைப் பொருள் உண்டு என்றார்: சொல்லப்படும் செய்தி, அச்செய்தியின்பால் சொல்பவர் கொள்ளும் உணர்வு, கேட்பவரிடம் அவர் காட்டும் தொனி, இவை அனைத்தின் பின்னும் நிற்கும் நோக்கம். இவற்றுள் ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்ற மூன்றைக் கைவிடுவதே தவறான வாசிப்பு.

அவருடைய விரிவுரைகளுக்கு மண்டபம் கொள்ளாத கூட்டம் வந்தது. எஃப்.ஆர். லீவிஸ் அவற்றைக் கேட்டவர். கணிதத்திலிருந்து இலக்கியத்திற்கு வந்த வில்லியம் எம்ப்சன் அவரிடமே பயின்றார். அப்பயிற்சியிலிருந்து முளைத்த 'ஏழு வகைப் பொருள்மயக்கங்கள்' 1930இல் வெளிவந்தது. கவிதையின் சொற்களை நெருங்கிப் படிக்கும் இவ்வழக்கம் பின்னர் அமெரிக்காவிலும் வேரூன்றியது. தமிழிலும் 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழில் கவிதைகளை வரிவரியாக அலசிப் பார்க்கும் முறை இடம்பெற்றபோது, மேனாட்டுத் திறனாய்வின் இந்தப் போக்கு அதற்குப் பின்னணியாக இருந்தது.

சீனமும் எளிய ஆங்கிலமும்

1926இன் கடைசி நாளில், மலையேற்ற வீராங்கனையான டாரதி பில்லியை ஹொனலூலுவில் மணந்தார். 1928இல் இத்தம்பதியர், வழிகாட்டிகள் இருவருடன் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் டெண்ட் பிளாஞ்ச் சிகரத்தை, அதுவரை யாரும் ஏறாத அதன் வடமுகட்டின் வழியே ஏறி வென்றனர்.

'செய்முறைத் திறனாய்வு' வெளிவந்த 1929ஆம் ஆண்டிலேயே, பீகிங் நகரின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்திற்கு வருகைப் பேராசிரியராகச் சென்றார். அங்கே ஹார்டியின் 'டெஸ்' நாவலைக் கற்பித்தபோது நேர்ந்த ஒன்றை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்வதுண்டு. டெஸ் தூக்கிலிடப்படும் கட்டம் வந்ததும் வகுப்பே கைதட்டியது. விசாரித்தபோது காரணம் தெரிந்தது. தந்தையிடம் உரிய மரியாதை காட்டாத அப்பெண்ணுக்குத் தக்க தண்டனை எப்போது வரும் என்று மாணாக்கர் தொடக்கத்திலிருந்தே காத்திருந்தனர். ஆங்கில வாசகர் கண்ணீர் விடும் இடத்தில் அவர்கள் நிறைவு கண்டனர். கேம்பிரிட்ஜில் ஒரே மொழியாளரிடையே கண்ட இடைவெளி, இங்கு இரு பெரும் நாகரிகங்களுக்கிடையே பள்ளத்தாக்காக விரிந்து கிடந்தது. சீன அறிஞரின் துணையோடு மென்சியஸின் நூற்பகுதிகளை ஆராய்ந்து, ஒரு மொழியின் கருத்தை மற்றொரு மொழியின் சட்டத்தில் வலிந்து அடைப்பதன் கேட்டை 1932இல் நூலாக எழுதினார்.

ஆக்டன் 1930இல் வெளியிட்ட எளிய ஆங்கிலம் இந்நிலையில் அவருக்கு ஒரு கருவியாகப் பட்டது. பொருட்பெயர்கள் 600, பண்புச்சொற்கள் 150, வினைச்சொற்களை உள்ளடக்கிய இணைப்புச்சொற்கள் 100 என 850 சொற்களில் அடங்கியது அது. சீன நாட்டுப் பள்ளிகளில் அதைப் புகுத்த 1936இல் மீண்டும் சென்று உழைத்தார். பாடநூல்கள் உருவாயின, திட்டம் நிறைவேறும் வாய்ப்பும் நெருங்கியது. 1937 ஜூலையில் ஜப்பானியப் படையெடுப்பு தொடங்கியது. பல்கலைக்கழகங்கள் நூல்களையும் கருவிகளையும் சுமந்துகொண்டு நாட்டின் உட்பகுதிகளுக்கு இடம்பெயர்ந்தன. பல ஆண்டுகளாகக் கட்டிய முயற்சி குலைந்தது.

1939இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை அடைந்தார். திறனாய்வின் அடுத்த பெருநூலை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு அவர் அளித்தது கோட்டுப் படங்களால் ஆன பாடப்புத்தகம். 1945இல் கிறிஸ்டின் கிப்சனுடன் சேர்ந்து அமைத்த அந்நூல், பின்னர் 'படங்கள் வழி ஆங்கிலம்' என்ற பெயரில் பல நாடுகளிலும் பரவியது. குச்சி மனிதன் ஒருவன் ஒரு செயலைச் செய்கிறான். அருகில் ஒரு வாக்கியம். மொழிபெயர்ப்பு இல்லை, இலக்கண விளக்கம் இல்லை. படமும் வாக்கியமும் ஒன்றையொன்று விளக்கும். பெருந்திறமை வீணாயிற்று என்று இலக்கிய உலகில் சிலர் வருந்தினர். அவருக்கோ, டன்னின் கவிதை முன் தடுமாறும் கேம்பிரிட்ஜ் மாணவரும், முதல் ஆங்கில வாக்கியத்தின் முன் நிற்கும் சீனச் சிறுவனும் ஒரே வழியில் நடப்பவர்கள். முன்னே வந்ததைக் கொண்டு பின்னே வருவதை அறிவதே இருவருக்கும் உரிய பயிற்சி.

எளிய ஆங்கிலம் உலகை ஆளவில்லை. 1943இல் ஹார்வர்டில் சர்ச்சில் அதைப் புகழ்ந்து பேசியது, பேரரசின் கருவி என்ற ஐயத்தையே அதன்மேல் ஏற்றியது. அந்த ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஒருவர் மொழியை மற்றவர் கற்றால் மனங்கள் நெருங்கும் என்று நம்பிய ரிச்சர்ட்ஸ், எந்த மொழியை யார் கற்க வேண்டியிருக்கிறது என்ற கேள்வியில் உறையும் அதிகாரத்தை நன்கு எடைபோட்டார் என்று சொல்வதற்கில்லை. கவிதை மனத்தின் உந்துதல்களைச் சமன்செய்கிறது என்ற அவருடைய பழைய உளவியல் கொள்கையும் பின்னாளில் வலுவிழந்தது. வகுப்பறைச் சோதனையோ இன்றும் எந்த ஊரிலும் செய்து பார்க்கத்தக்கதாக நிற்கிறது.

கடைசிப் பயணம்

பிறர் கவிதைகளை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர், தம் முதல் கவிதைத் தொகுதியை வெளியிட்டது 1958இல், 65ஆம் வயதில். படிக்கப்படுபவராகவும் நிற்கும் துணிவு அவருக்கு அப்போது வந்தது போலும். 1974இல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். 1979இல், 86 வயதில், ஆங்கிலக் கல்வி பற்றி உரையாற்ற மீண்டும் சீனத்திற்கு அழைப்பு வந்தது. நாற்பதாண்டுகளுக்கு முன் போரினால் முறிந்த பணியின் நினைவு அவரை அழைத்துச் சென்றது. அங்கே நோயுற்று, தாயகம் கொண்டுவரப்பட்டு, செப்டம்பர் 7ஆம் நாள் கேம்பிரிட்ஜில் காலமானார்.

கவியரங்கில் பாராட்டு எளிதில் கிடைக்கும்; நூல் வெளியீட்டில் மாலைகளும் குறைவின்றி விழும். தன் கவிதை பெயரின்றி ஒரு தாளில் அச்சாகி, அறியாத ஒருவரின் மேசையில் ஒரு வாரம் கிடக்குமானால், அவர் அதை எத்தனை முறை படிப்பார், என்ன எழுதித் தருவார் என்பது கவிஞர் எவரும் எண்ணிப் பார்க்க வேண்டியது. அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பவரின் கடமையும் அதைவிடச் சிறியதன்று என்பதையே ரிச்சர்ட்ஸ் வாழ்நாள் முழுதும் கற்பித்தார்.