சுமையில்லாத முதுகு



போன வருஷம் கன்வென்ஷனுக்கு நான் கட்டிக்கொண்டு போனது ஒரு பெரிய சூட்கேஸ், ரெண்டு பை, ஒரு கூடை. மூன்று நாள் கூட்டத்துக்கு ஆறு புடவை! எங்க ஸ்டேஷனில் ரயில் ரெண்டே நிமிஷம்தான் நிற்கும். நான் எப்படியோ ஏறிட்டேன். பின்னால் வந்த நம்ம சபைப் பாட்டியம்மா, படியில் கால் வைக்க முடியாமல் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாங்க. என் ரெண்டு கையிலும் சாமான். அதைக் கீழே வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. மஞ்சப்பையோடு அவங்க பிளாட்பாரத்தில் நின்றது மூன்று நாளும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

வீடு திரும்பியதும் சாது சுந்தர் சிங்கின் சரித்திரத்தை மறுபடியும் வாசித்தேன். அதில்தான் கர்த்தர் என்னோடு இடைப்பட்டார்.

1889 செப்டம்பர் 3-ல் பஞ்சாபிலுள்ள ராம்பூரில், வசதியான சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். மனக்கசப்பில் சுவிசேஷப் புத்தகத்தையே தீயில் போட்டார். 1904 டிசம்பரில், சாகத் துணிந்திருந்த ஒரு விடியற்காலையில், இயேசுவைத் தரிசித்தார். வீட்டார் வெளியே தள்ளினார்கள். 1905-ல் தம் 16-வது பிறந்த நாளில் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். சில வாரங்களில் காவி அங்கி உடுத்தி ஊழியத்துக்குப் புறப்பட்டார்.

எடுத்துப்போன சாமான் என்ன? ஒரு கம்பளி, ஒரு புதிய ஏற்பாடு. அவ்வளவுதான்! காலில் செருப்பில்லை, மடியில் காசில்லை. யாராவது கொடுத்தால் சாப்பாடு, இல்லாவிட்டால் பட்டினி. இப்படியே இமயமலையைக் கடந்து திபெத்துக்குப் பலமுறை போனார். 1918-ல் நம்ம தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார். 1920-ல் இங்கிலாந்து, அமெரிக்கா வரை போனார்.

பனிமலையில் நடந்ததாக அவரே சொன்ன ஒரு சம்பவம் உண்டு. கடும் பனிப்புயலில் ஒரு திபெத்தியரோடு நடந்துகொண்டிருந்தார். சரிவில் ஒருவன் விழுந்து கிடந்தான். கூட வந்தவர், நம் உயிர் தப்பினால் போதும் என்று முன்னே போய்விட்டார். சாதுவோ விழுந்தவனைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டார். இரண்டு சரீரமும் ஒட்டியதில் சூடு பிறந்தது, இருவரும் பிழைத்தார்கள். கிராமத்தை நெருங்கும்போது, முன்னே போனவர் வழியில் விறைத்துச் செத்துக் கிடந்தார்.

அன்பானவர்களே, அந்த இடத்தில் நான் போயிருந்தால் என் முதுகில் அவனுக்கு இடம் இருந்திருக்குமா? சாதுவின் முதுகில் மூட்டை இல்லை, அதனால் ஒரு மனுஷனுக்கு இடம் இருந்தது. சாமானைக் குறைப்பது நம்ம சௌகரியத்துக்காக மட்டும் அல்ல, மற்றவனுக்கு ஒரு கை மிச்சம் வைக்கத்தான் என்று அன்றைக்கு உணர்ந்தேன்.

1929 ஏப்ரலில், உடம்பு பலவீனப்பட்டிருந்தும், மறுபடி திபெத்துக்குப் புறப்பட்டார் சாது. திரும்பி வரவேயில்லை. அப்போது அவருக்கு வயது 39.

பாட்டியம்மாகிட்டே போய் மன்னிப்புக் கேட்டேன். சிரிச்சுக்கிட்டே என் தலையில் கைவைத்து ஜெபித்தாங்க. இந்த வருஷம் எனக்கு ஒரே பைதான், அதில் ரெண்டு புடவை, வேதாகமம். அவங்களுக்கும் நானே டிக்கெட் எடுத்துவிட்டேன். முதலில் அவங்களை ஏற்றிவிட்டுத்தான் நான் ஏறுவேன்.

நீங்களும் பெட்டியைக் கட்டும்போது ஒரு கையைக் காலியாக வையுங்கள். ஆமென்.