ஆனந்தரங்கர் நாட்குறிப்பு

புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டை அடுத்து ரங்கபிள்ளை வீதி உள்ளது. காய்கறியும் மலரும் விற்போர் குரல் ஓயாத அப்பகுதியில் பழைய மாளிகையொன்று நிற்கின்றது. கீழ்த்தளத்தில் தமிழ்நாட்டு முறையிலான மரத்தூண்கள். மேல்தளத்தில் பிரெஞ்சு முறையிலான வெண்சுதைத் தூண்கள். அதுவே ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த இல்லம்.

ஆனந்தரங்கர் 1709ஆம் ஆண்டு சென்னையைச் சார்ந்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை, உறவினர் அழைப்பை ஏற்றுப் புதுச்சேரியில் குடியேறி வாணிகம் செய்தார். அவர் 1726இல் மறைந்தபின், பரங்கிப்பேட்டையிலிருந்த பிரெஞ்சுக் கும்பினியாரின் பண்டகசாலையை இளைஞராகிய ஆனந்தரங்கர் மேற்பார்த்தார். பின்னர் ஆளுநர் டூப்ளேயின் நம்பிக்கைக்கு உரியவராகி, 1747இல் தலைமைத் துபாஷியானார். பிரெஞ்சுக்காரருக்கும் நாட்டு மக்களுக்கும் இடைநின்று பேசுவதும் பேரம் முடிப்பதும் துபாஷியின் பணியாகும்.

எனினும், இப்பதவியினும் அவரை நிலைநிறுத்தியது அவர்தம் நாட்குறிப்பே. 1736 செப்டம்பர் 6ஆம் நாள் எழுதத் தொடங்கினார். தமிழ் ஆண்டு, திங்கள், தேதி, கிழமை ஆகியவற்றை ஐரோப்பியத் தேதியோடு தலைப்பில் இடுவார். அதன்கீழ் கரைக்கு வந்த கப்பல்களின் பெயர், சரக்கு, ஆளுநர் மாளிகைப் பேச்சு, ஊரில் உலவிய வதந்தி முதலியன இடம்பெறும்.

இக்காலத்தில் கணிப்பொறியின் கோப்புறையிலுள்ள கோப்புப் பெயர்களைச் சி மொழி நிரலொன்று ஒவ்வொன்றாகப் படித்து ஓர் அணியில் இடுவதுண்டு. அவை ஒழுங்காகக் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆயினும் ஒவ்வொரு பெயரும் ஆண்டு, திங்கள், நாள் என்ற முறையில் எண்களால் தொடங்குமாயின், வரிசைப்படுத்தியவுடன் தத்தம் இடத்தில் அமர்ந்துவிடும். விடுபட்ட நாளும் புலப்படும். ஆனந்தரங்கர் இட்ட தலைப்புகளும் அத்தகைய பயனுடையவை.

குற்றமற்ற எழுத்து என்று அதனைக் கூறுதல் இயலாது. தம் பெருமையைப் பேசுவதிலும், டூப்ளேயின் மனைவியார்மீது சினத்தைக் கொட்டுவதிலும் அவர் கை ஓய்ந்ததில்லை. ஆயின் 1748இல் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்ட காலத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. உயர்பதவியிலிருந்தும் அதனைத் தடுக்க அவரால் இயலவில்லை. மனம் நொந்த நிலையிலும் அந்நாட்களின் நிகழ்ச்சிகளை விரிவாக எழுதிவைத்தார்.

டூப்ளே 1754இல் தாயகம் திரும்பியபின் ஆனந்தரங்கரின் செல்வாக்குக் குன்றியது. 1756இல் பதவியும் போயிற்று. நோயும் வந்தது. எழுதுவதை மட்டும் அவர் விடவில்லை. 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் கைப்படுவதற்குச் சில நாட்கள் முன்னர் அவர் காலமானார். அந்நகரைக் கைப்பற்றியோர் அதனைப் பெரிதும் இடித்துத் தள்ளினர்.

எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1846இல், கல்லுவா மொம்பிரான் என்னும் பிரெஞ்சு அலுவலர் அந்நாட்குறிப்பைக் கண்டறிந்து படியெடுத்தார். ஏரியல் என்பவர் எடுத்த படி பாரிசு நகரத் தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. சென்னை அரசினர் 1904 முதல் 1928 வரை ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டனர். தமிழ் மூலம் 1948 முதலே புதுச்சேரியில் அச்சேறலாயிற்று. தமிழில் எழுதப்பட்ட நூல் ஆங்கிலத்தில் முந்தி வெளிவந்தமை வியப்பே. ஏடுகளுள் சில மறைந்துபோயின. எந்த நாள் முதல் எந்த நாள் வரை குறிப்பில்லை என்பதை, எஞ்சிய தலைப்புகளை நிரல்பட வைத்தே ஆராய்ச்சியாளர் அறிந்துகொள்கின்றனர்.