நீட்டிய கை

அந்தப் போட்டோவை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். நெரிசலான கோர்ட். நடுவில் வெள்ளைச் சட்டையும் டையும் அணிந்த கறுப்பினப் பெரியவர் எழுந்து நின்று கையை நீட்டுகிறார்.

அவர்தான் மோஸ் ரைட். அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டவர், போதகரும்கூட. 1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து லீவுக்கு வந்த 14 வயது எம்மெட் டில், அவருக்கு மனைவி வழியில் பேரன் முறை. 28-ம் தேதி நடுராத்திரிக்கு மேல் இரண்டு வெள்ளையர்கள் துப்பாக்கியோடு வந்து பையனை இழுத்துப் போனார்கள். மூன்று நாள் கழித்து ஆற்றில் பிணம்தான் கிடைத்தது.

அந்த ஊரில் வெள்ளையரைக் குற்றம் சொன்ன கறுப்பர் உயிரோடு இருப்பதே கஷ்டம். ஆனாலும் 64 வயது ரைட் செப்டம்பர் 21 அன்று கூண்டேறி, வந்தவன் இவன்தான் என்று அடையாளம் காட்டினார். சாட்சி சொல்லும்போது படம் எடுக்கக்கூடாது என்று ஜட்ஜ் உத்தரவு. அதை மீறிக் கிளிக் செய்தவர் எர்னஸ்ட் விதர்ஸ்.

பலன்? 12 வெள்ளையர் ஜூரி ஒரு மணி நேரம் போல உட்கார்ந்து பேசி இருவரையும் விடுவித்தது. மறு வருஷமே கொன்றது தாங்கள்தான் என்று பத்திரிகைக்குக் காசு வாங்கிக்கொண்டு சொன்னார்கள். மறுபடி விசாரிக்கச் சட்டம் இடம் தரவில்லை. ரைட்டோ நிலத்தையும் ஊரையும் விட்டுச் சிகாகோ பக்கம் குடிபெயர்ந்தார்.

நண்பர்களே, வேலையில் சேர்ந்த புதிதில் தேறாத கான்கிரீட் ரிப்போர்ட் ஒன்றைப் பார்த்தும் நான் வாய் திறக்கவில்லை. எனக்குப் போக இருந்தது ஒரு வேலைதான். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது உறுத்துகிறது. தம்பி தங்கைகளே, உங்கள் முறை வரும்போது எழுந்து நில்லுங்கள்.